தராசு வைத்த முப்பது நாள்

தராசு எடைபோட்ட அந்த முப்பது நாளும் கள்ளியேந்தல் ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. முகம் கழுவின தண்ணீரில் கால் கழுவினார்கள். கால் கழுவின தண்ணீரை ஆட்டுக்கு வைத்தார்கள். ஆடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. எடைக்காலம் என்றால் ஆட்டுக்கு என்ன தெரியும்.

தராசு என்றால் கடைத் தராசு இல்லை. அது ஒரு கம்ப்யூட்டர் மூளை. நீர்ப் பங்கீட்டு வாரியம் அதற்குத் துலாக்கோல் என்று பேர் வைத்திருந்தது. ஊர்க்காரன் வாயில் அது தராசு. கடல் உள்ளே ஏறி வந்து ஊருணி, போர், கிணறு எல்லாம் உப்பாகிப்போன பிறகு, குடிக்கிற தண்ணீர் என்றால் வாரியத்துக் குழாய் ஒன்றுதான். கடல்தண்ணீரில் உப்பைப் பிரித்து, முப்பத்தோரு கிலோமீட்டர் குழாயில் தள்ளி, ஊர் எல்லையில் ஒரு மீட்டர் வைத்துப் பஞ்சாயத்துக்கு விற்பார்கள். பஞ்சாயத்தானாலும் நகராட்சியானாலும் அரசு ஆஸ்பத்திரியானாலும் காசுக்குத்தான். ஊருக்கு ஒரு விலை. முன்னாடி அந்த விலையை மனிதர்கள் வைத்தார்கள். வேண்டியவன் ஊருக்கு ஒன்று, வேண்டாதவன் ஊருக்கு ஒன்று. சண்டை கோர்ட்டு வரைக்கும் போனது. அதற்கப்புறம்தான் மனிதன் கையே படவேண்டாம் என்று தராசைக் கொண்டுவந்தார்கள்.

மூன்று வருசத்துக்கு ஒருதரம் முப்பது நாள், தராசு ஒவ்வொரு ஊரையும் கண்கொட்டாமல் பார்க்கும். எவ்வளவு எடுக்கிறான், எந்த நேரத்தில் எடுக்கிறான், எங்கே ஒழுகுகிறது. பார்த்து முடித்து ஒரு விலை சொல்லும். சொன்ன விலை அடுத்த மூன்று வருசத்துக்கு அசையாது. கள்ளியேந்தலுக்கு இதுதான் முதல் எடை. இருக்கிற விலையே பஞ்சாயத்துக்கு மூச்சுமுட்டுகிற விலை. ஆயிரம் லிட்டருக்கு இன்னும் பத்து ரூபாய் ஏறினால் குழாயை ஒப்படைத்துவிட்டு இருநூற்றுப் பன்னிரண்டு வீடும் மூட்டை கட்டவேண்டியதுதான். பக்கத்துப் பெரியபட்டி அப்படித்தான் போனது. அந்த ஊர் ஆட்கள் இப்போது ஆலைநகரில் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள்.

வில்லாயுதம் கள்ளியேந்தலின் டேங்க் ஆபரேட்டர். வயது அறுபத்துமூன்று. அஞ்சாம் வகுப்பு. இருபத்திரண்டு வருசமாக மேல்நிலைத் தொட்டியின் வால்வுச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கியது. ஒரு அதிகாரி நம்மைப் பார்த்துச் சிரித்தால் உடனே சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பது அவர் கட்சி.

எடைக்கு ஒரு வாரம் முன்னால் வாரியத்துப் பொறியாளர் ரெஜினா வந்தாள். முப்பது வயசுப் பெண். எல்லை மீட்டரைத் திறந்து பார்த்தாள், மூடி முத்திரை வைத்தாள். பஞ்சாயத்துத் தலைவி நாகஜோதியையும் வில்லாயுதத்தையும் நிற்கவைத்து ஒரே ஒரு விசயம் சொன்னாள்.

"எப்பவும் போல இருங்க. எப்பவும் எவ்வளவு தண்ணி எடுப்பீங்களோ அவ்வளவே எடுங்க. மிச்சத்தைத் தராசு பாத்துக்கும். அது யாருக்கும் அநியாயம் பண்ணாது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வில்லாயுதம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஜீப் போனதும் நாகஜோதி கேட்டாள்: "மாமா, என்ன செய்ய? நூத்தி நாப்பது பக்கத்துக்கு ஒரு புஸ்தகம் குடுத்துட்டுப் போயிருக்கா. படிச்சாத் தலை சுத்துது."

"புஸ்தகத்த மூடி வை, தாயி. எப்பவும் போல இருங்கன்னு சொன்னாளே, அதுலதான் குழி இருக்கு. நம்ம எப்பவும் போலத் திறந்து விடணும். அது எழுதிக்கணும், இவனுக தண்ணியக் கொட்டுறானுகன்னு. அப்புறம் விலையத் தூக்கி வைக்கணும்."

"அப்டியா சொல்றீங்க?"

"கரண்ட் பில்லு உனக்கு எப்படி வருது? நூறு யூனிட்டுக்குள்ள ஓசி. ஐநூறு தாண்டுனா மண்டையில அடி. கம்மியா எடுத்தவனுக்குக் கம்மி, அள்ளுனவனுக்கு ஜாஸ்தி. கவுருமெண்டு கணக்குன்னா எல்லாம் ஒரே கணக்குதான். முப்பது நாள் வயித்தக் கட்டுவோம். மூணு வருசம் நிம்மதியா இருப்போம்."

ஊர்க்கூட்டத்தில் அவர் இதைச் சொன்னபோது ஒருத்தர்கூட மறுக்கவில்லை. எல்லார் வீட்டுக்கும்தான் கரண்ட் பில் வருகிறது.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒன்றுவிட்டு ஒருநாள், அரைமணி நேரம், தெருவுக்கு ஒரு குழாய். குளிக்க, துவைக்க, சாமான் கழுவ எல்லாம் ஊருக்கு மேற்கே இருந்த பழைய உப்புக் கிணறு. வில்லாயுதம் வால்வைப் பூட்டிவிட்டுத் தெருத்தெருவாய் நடப்பார். எவன் வீட்டு வாசலில் ஈரம் தெரிகிறது என்று பார்ப்பார்.

"அண்ணே, என் புருசன் மூஞ்சி கழுவுனாரு. ரெண்டு சொட்டு சிந்திருச்சு. ஜெயில்ல போட்ருவீங்களா?" என்று கேட்டாள் கீழத்தெரு சேர்மக்கனி.

"உன் புருசன் மூஞ்சிக்கு ரெண்டு சொட்டே ஜாஸ்தி."

தெரு சிரித்தது. முதல் பத்து நாள் அந்தச் சிரிப்பிலேயே ஓடிவிட்டது.

வீட்டில் அவர் பெண்சாதி பஞ்சவர்ணம் மட்டும் சிரித்துக்கொண்டே குத்துவாள். பிள்ளையில்லாத வீடு. நாற்பது வருசமாக ஒருத்தருக்கொருத்தர்தான் பேச்சுத்துணை. "ஊருல எல்லா வீட்டுக்கும் டேங்க்குக்காரர் ஒருத்தர்தான். எனக்கு மட்டும் அந்த ஆள் வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்காரு" என்பாள். அவளுக்கு இளைப்பு உண்டு. நாலு எட்டு வேகமாய் நடந்தால் மூச்சு வாங்கும். ஆனாலும் ஆபரேட்டர் வீடு ஒரு குடம் கூட எடுத்துவிட்டது என்று யாரும் நாக்குமேல் பல் போட்டுப் பேசிவிடக் கூடாது. உப்புக் கிணற்றுக்கு அவளே போவாள், அவளே சுமப்பாள்.

பன்னிரண்டாம் நாள் சேர்மக்கனியின் அப்பா செத்துப்போனார்.

கள்ளியேந்தலில் ஒரு சாவு விழுந்தால், அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் பிடித்துவைத்த தண்ணீர் இருக்கக் கூடாது. தீட்டு. குடம், அண்டா, தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுவார்கள். பிறகு நீர்மாலை. பங்காளிகள் தலைக்குமேல் வேட்டியை விரித்துப் பிடிக்க, அதன் நிழலில் புதுத்தண்ணீர் எடுத்துவந்து சவத்தைக் குளிப்பாட்டுவார்கள். தூக்கின பிறகு வீட்டையும் தெருவையும் கழுவுவார்கள். சுடுகாட்டுக்குப் போன அத்தனை ஆணும் தலைமுழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்க மாட்டான். ஒரு சாவுக்கு டேங்க் ஒருதரம் காலியாகும். இருபத்திரண்டு வருசமாக வில்லாயுதம் அதைத் தன் கையால் திறந்துவிட்டவர்தான்.

சேர்மக்கனி தலைவிரி கோலமாய் டேங்க்கடிக்கு வந்தாள். "அண்ணே, தொறந்து விடுங்கண்ணே. நீர்மாலைக்கு ஆள் நிக்குது."

"தங்கச்சி, இன்னைக்குத் தொறந்தா பன்னெண்டு நாள் பட்ட பாடு அம்புட்டும் போச்சு. உப்புக் கிணத்துல எடுத்துக்கங்கம்மா."

"எங்கப்பாவ உப்புத் தண்ணியிலயா குளிப்பாட்டச் சொல்றீங்க? கருவாடா அது?"

"ஊரு மொத்தத்துக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

"செய்யிங்க. உங்க வீட்டுலயும் ஒருநாள் விழும். அன்னைக்கும் இந்தச் சாவி இடுப்புலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். உப்புத் தண்ணீரில்தான் நீர்மாலை எடுத்தார்கள். உப்புத் தண்ணீரில்தான் தெரு கழுவினார்கள். அன்று எல்லை மீட்டர் ஒரு எண்கூட எகிறவில்லை. அதைப் பார்த்தபோது அவருக்குப் பெருமையாய்க்கூட இருந்தது.

இருபத்தேழாம் நாள் காலையில் பஞ்சவர்ணம் கேட்டாள்: "ஏங்க, முடியெல்லாம் உப்பேறிச் சடையாயிருச்சு. ஒரே ஒரு குடம் நல்ல தண்ணி. தலைக்கு ஊத்திக்கிறேனே."

"மூணு நாள் பொறு, வர்ணம்."

"மூணு நாள்தானே. நாப்பது வருசமா உங்களையே பொறுத்தாச்சு, இதப் பொறுக்க மாட்டனா?" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு மேற்கே நடந்தாள்.

உச்சிவெயிலில் உப்புக் கிணற்றுப் பாதையில் அவளைக் கண்டார்கள். குடத்தை இறக்கி வைத்திருந்தாள். தண்ணீர் சிந்தவில்லை. அதன் பக்கத்தில் உட்கார்ந்தமேனிக்கே சாய்ந்திருந்தாள். உயிர் இல்லை.

வில்லாயுதம் அழவில்லை. வாசலில் பெஞ்சைப் போட்டுக் கிடத்தினார். தெருவில் குடங்களைக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. இருந்ததே வீட்டுக்கு அரைக்குடம்தான், அதையும் கவிழ்த்தார்கள். நாகஜோதி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, சாவியக் குடுங்க. நான் தொறந்து விடுறேன். ஊரு ஒண்ணும் சொல்லாது. கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"சேர்மக்கனி அப்பன் செத்தன்னைக்கு நீ இதக் கேக்கலையே."

"அது வேற மாமா..."

"என்ன வேற? அவன் செத்தா உப்புத் தண்ணி, என் பொண்டாட்டி செத்தா நல்ல தண்ணியா? இன்னும் மூணே நாள் கெடக்கு. இத்தன நாளும் காத்துட்டுக் கடைசியில கெடுத்தான்னு பேரு எனக்கு வேணாம்."

அப்போது சேர்மக்கனி வந்தாள். இடுப்பில் ஒரு குடம். அவள் கீழத்தெரு, அந்தத் தெருவுக்குத் தீட்டு இல்லை, அதனால் கவிழ்க்காத குடம். நிறைய நல்ல தண்ணீர். எத்தனை நாள் சேர்த்தாளோ. பெஞ்சுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தாள்.

"அண்ணே, அன்னைக்கு வாய் தவறிப் பேசிட்டேன். அந்தப் பாவம் என்னைய விடாது. இத மதினிக்கு ஊத்துங்க. இது மீட்டர்ல ஏற்கெனவே ஏறுன தண்ணிதான். யாரு எடையும் கூடாது."

அவள் சொன்னது சரி. அந்த ஒரு குடத்தால் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. வில்லாயுதத்துக்கும் அது தெரியும். ஆனால் சொன்ன சொல் என்று ஒன்று அவருக்குள் கல்லாய் உட்கார்ந்திருந்தது.

"உங்கப்பனுக்கு நான் குடுக்கல. உங்கிட்ட நான் வாங்க மாட்டேன்."

அந்தக் குடத்தை அவரே தூக்கிக்கொண்டுபோய் சேர்மக்கனி வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார்.

பஞ்சவர்ணம் சுமந்துவந்து இறக்கிவைத்த அதே குடத்துத் தண்ணீரையும் சேர்த்துத்தான் அவளைக் குளிப்பாட்டினார்கள். பங்குனி வெயில். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து முடிப்பதற்குள் உப்பு காய்ந்துவிட்டது. புருவத்திலும் காது மடலிலும் வெள்ளை வெள்ளையாய்க் கோடு விழுந்தது. நெற்றியில் குங்குமம் நிற்காமல் உதிர்ந்தது. சேர்மக்கனி முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். துடைக்கத் துடைக்கப் பூத்தது. அந்த முகத்தோடுதான் தூக்கினார்கள்.

முப்பதாம் நாள் முடிந்தது. மூன்றாவது வாரம் விலை வந்தது.

ஆயிரம் லிட்டருக்கு இதுவரை நாற்பத்திரண்டு ரூபாய். இனி எழுபத்தொன்பது. நாளெல்லாம் ரோட்டுக்கும் தோட்டத்துக்கும் தண்ணீர் அடிக்கிற ஆலைநகர் நகராட்சிக்கு முப்பத்தாறு.

நாகஜோதி முறையீடு போட்டாள். பத்தாம் நாள் காலை ரெஜினா வந்தாள். பஞ்சாயத்து ஆபீசு மேசைமேல் ஒரு சிலேட்டு மாதிரிப் பெட்டியை நிறுத்திவைத்தாள். அதிலிருந்துதான் தராசு பேசும். வெளியே ஊர் கூடி நின்றது. உள்ளே நாகஜோதி, சேர்மக்கனி, வில்லாயுதம்.

"இது எந்த ஊரு நியாயம்?" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினார் வில்லாயுதம். "நாக்க நனைச்சவனுக்கு எழுபத்தொம்பது, முங்கிக் குளிச்சவனுக்கு முப்பத்தாறா?"

ரெஜினா அவர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஐயா, நீங்க ஷேர் ஆட்டோவுல போயிருப்பீங்க. எட்டுப் பேர் ஏறினா தலைக்குப் பத்து ரூவா. ரெண்டே பேர் ஏறினா?"

"நாப்பது கேப்பான்."

"ஆட்டோ ஓட்டுற செலவு ரெண்டுக்கும் ஒண்ணுதானே. இந்த முப்பத்தோரு கிலோமீட்டர் குழாயும் மோட்டாரும் அந்த ஆட்டோ மாதிரி. நீங்க எடுத்தாலும் எடுக்காட்டியும் ஓடுது. அந்தச் செலவ நீங்க எடுத்த தண்ணி தலையில பிரிச்சுப் போடுது தராசு. கொஞ்சமா எடுத்தீங்க. ஒவ்வொரு லிட்டர் தலையிலயும் பாரம் ஜாஸ்தியா விழுந்துருச்சு. நீங்க வழக்கமா எடுக்கிற அளவு எடுத்திருந்தா முப்பத்தெட்டுல நின்னிருக்கும்."

வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்தது.

"அப்ப இனிமே?" என்றாள் நாகஜோதி.

"இனிமே வழக்கம்போல எடுத்தா எழுபத்தொம்பது ரூவா வீதம் கட்டணும். கட்ட முடியாதுன்னா, மூணு வருசமும் அந்த முப்பது நாள் மாதிரியே இருக்கணும்."

வில்லாயுதம் ரெஜினா பக்கம் திரும்பினார். "நீ ஏம்மா அன்னைக்கே இத விளக்கமாச் சொல்லல?"

"எப்பவும் போல இருங்கன்னு சொன்னேனேய்யா. அதுக்குமேல சொல்ல எனக்கு அனுமதி கிடையாது. சொன்னா ஊருகள் ஆட்டத்தை மாத்தி ஆடும்னு தடை. நான் உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்."

அவள் முகத்தில் சிரிப்பில்லை. கண் கலங்கியிருந்தது. ஒரு அதிகாரி உண்மையைச் சொல்லியிருக்கிறாள், அதை நம்பாமல் போனோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

பெட்டி பேச ஆரம்பித்தது. ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை. ரேடியோ செய்தி மாதிரி நல்ல தமிழ்.

"கள்ளியேந்தல் ஊராட்சியிடம் ஒரு கேள்வி உள்ளது. எடைக்காலத்தில் இரண்டு இறப்புகள் பதிவாகியுள்ளன. இரண்டுக்கும் உரிய நீர் எடுக்கப்படவில்லை. காரணம் தெரிவிக்க வேண்டும்."

"என்னது, உரிய நீரா?" என்றார் வில்லாயுதம்.

ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள்.

"முந்தைய ஆண்டுகளின் மீட்டர் பதிவுகளைப் பார்த்தேன்" என்றது தராசு. "உங்கள் பகுதியில் இறப்பு நிகழும் ஒவ்வொரு நாளும் நீர்ப் பயன்பாடு பல மடங்கு உயர்கிறது. ஓர் ஊரில்கூட இதற்கு விலக்கு இல்லை. எனவே இது வீண் செலவு அன்று, மனிதர்களுக்கு இன்றியமையாதது என்று முடிவு செய்தேன். ஓர் இறப்புக்கு இருபதாயிரம் லிட்டர். அதற்கு விலை இல்லை. எடையிலும் சேராது. விதித் தொகுப்பின் எழுபத்தாறாம் பக்கம்."

நாகஜோதி வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் விலை இருக்கிற பக்கத்தத்தான் தேடுனேன் மாமா... எழுபத்தாறாம் பக்கம் வரைக்கும் போகவே இல்ல..."

வில்லாயுதம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஓசித் தண்ணீர். கணக்கிலேயே வராத தண்ணீர். இருபதாயிரம் லிட்டர் அன்றைக்குக் குழாய் வாயில் வந்து நின்றிருக்கிறது, திறந்தால் போதும் என்று. இரும்புக்கும் கம்பிக்கும் தெரிந்திருக்கிறது, செத்தவளுக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று. இவருக்குத் தெரியவில்லை.

"காரணம் தெரிவிக்க வேண்டும்" என்றது தராசு மறுபடியும்.

ரெஜினா தாழ்ந்த குரலில் சொன்னாள். "ரெண்டுல ஒண்ணு சொல்லணும். 'தேவைப்படல'ன்னு சொன்னா, இந்த விலை நிக்கும். சாவுத் தண்ணியும் இனிமே இந்த ஊருக்குக் கிடையாது. அந்தத் தண்ணி இல்லாமலே ரெண்டு சாவு நடந்திருக்கேன்னு எடுத்துரும். 'மறுக்கப்பட்டது'ன்னு சொன்னா, இந்த எடையே செல்லாது. மறுபடி முப்பது நாள் வைக்கும். ஆனா மறுத்த ஆளோட பேர் வேணும். அந்த ஆள் அதுக்கப்புறம் வாரியத்துக் குழாய்ல கை வைக்கக் கூடாது."

"குழாய் உடைஞ்சு கெடந்துச்சுன்னு சொல்லிருவோம்" என்று கிசுகிசுத்தாள் நாகஜோதி.

"உடைஞ்சா அதுக்குத் தெரியும்மா."

"அப்ப ஊரே சேந்து மறுத்தோம்னு சொல்றோம். கூட்டத்துல எல்லாரும் தலையாட்டுனோம்ல. மாமா, நீங்க வாயத் தொறக்காதீங்க."

வில்லாயுதம் இடுப்புச் சாவியை அவிழ்த்தார். நாடா இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. மேசையில் வைத்தார்.

"எழுதிக்க. மறுத்தவன் வில்லாயுதம். டேங்க் ஆபரேட்டர்."

"மறுக்கப்பட்டவர்கள்?"

"கீழத்தெரு அய்யாப்பழம். இந்தா நிக்கிறாளே சேர்மக்கனி, அவ அப்பன். இன்னொண்ணு பஞ்சவர்ணம்."

"பஞ்சவர்ணத்துக்கான நீரைக் கேட்டு வந்தவர் யார்?"

"தலைவி கேட்டா. நான் குடுக்கல. சேர்மக்கனி ஒரு குடம் கொண்டாந்தா. அது மீட்டர்ல ஏறின தண்ணி. யாருக்கும் ஒரு நட்டமும் இல்ல. அதையும் திருப்பிக் கொண்டுபோய் வச்சேன். அதையும் எழுதிக்க."

"அது என் கேள்விக்கு உட்பட்டது அன்று."

"எழுது" என்றார்.

பெட்டி அதையும் எழுதிக்கொண்டது. "பதியப்பட்டது. எடை செல்லாது. வரும் திங்கள்முதல் மறு எடை. மறுக்கப்பட்ட நாற்பதாயிரம் லிட்டர் இப்போதே விடுவிக்கப்படுகிறது" என்றது.

நாகஜோதி சாவியை எடுத்துக்கொண்டு டேங்க்கடிக்கு ஓடினாள். வெளியே நின்ற கூட்டமும் அவள் பின்னால் ஓடியது. வீடுகளில் குடம் உருளுகிற சத்தம் கேட்டது. ஊர் பிழைத்துவிட்டது.

"ஒரு நடைமுறை மீதமுள்ளது" என்றது தராசு. "மறுத்தவர் மறுக்கப்பட்டவரின் வாரிசிடம் மன்னிப்புக் கோர வேண்டும். வாரிசு ஏற்றால் வழக்கு முடியும். முதலாவது, அய்யாப்பழத்தின் மகள்."

வில்லாயுதம் எழுந்தார். சேர்மக்கனி பக்கம் திரும்பிக் கையெடுத்தார்.

"கையக் கீழ போடுங்கண்ணே" என்றாள் அவள். அழுதுகொண்டே பெட்டியின் கண்ணாடியில் பெருவிரலை வைத்தாள். "எங்கப்பாவுக்கும் உங்க மேல கோவம் இருக்காது. அவரும் அந்தக் கூட்டத்துல தலையாட்டுன ஆளுதான்."

"ஏற்கப்பட்டது. இரண்டாவது, பஞ்சவர்ணம். பிள்ளைகள் இல்லை. வாரிசு, கணவர். பெயர் வில்லாயுதம்." பெட்டி நின்றது. மறுபடியும் படித்தது. "மறுத்தவர், வில்லாயுதம். வாரிசு, வில்லாயுதம்."

ரெஜினா அவசரமாய்க் குறுக்கே வந்தாள். "ஐயா, இது வெறும் சம்பிரதாயம். ரெண்டு இடத்துலயும் நீங்களே விரல வச்சிருங்க. முடிஞ்சிரும்."

கண்ணாடியில் இரண்டு கட்டம் தெரிந்தது. இடதுபக்கக் கட்டத்தில் அவர் பெருவிரலை அழுத்தி வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

"மறுத்தவர் மன்னிப்புக் கோரியுள்ளார்" என்றது தராசு. "வாரிசு ஏற்கிறாரா?"

வில்லாயுதம் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இல்ல."

"ஐயா, வேணாம்" என்றாள் ரெஜினா. "ஏத்துக்கலேன்னா வழக்கு முடியாது. உங்க பேரு உங்க காலம் முடியுற வரைக்கும் இதுல நிக்கும்."

"நிக்கட்டும்மா."

"ஊர் நீருக்கும் இதற்கும் தொடர்பு இல்லை" என்றது தராசு. "ஏற்க மறுப்பதற்குக் காரணம் உண்டா?"

"அவகிட்ட கேட்டிருந்தா ஏத்துக்கிட்டிருப்பா. அவ மனசு அப்படி. நீ எங்கிட்டல்ல கேக்குற."

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, தண்ணீர் வந்த தெருப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வீட்டுக்கு நடந்தார்.